அரண்மனைச் சோலையும் தேயிலைத் தோட்டமும்

‘தோட்டம்’ என்ற சொல்லை நான்கு ஊர்த் தமிழரிடம் சொன்னால் நான்கு காட்சிகள் தோன்றும். யாழ்ப்பாணத்தாருக்குச் செம்மண்ணும் துலாக் கிணறும் புகையிலையும் வெங்காயப் பாத்திகளும் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டாருக்குக் கிணற்று நீர் பாயும் மேட்டு நிலமும் அதன் நடுவே நிற்கும் வீடும் தோன்றும். பட்டணத்திலே வாழ்பவர் வீட்டின் பின்புறத்து மல்லிகைப் பந்தரையும் இரண்டொரு வாழை மரங்களையும் எண்ணிக்கொள்வர். ஊவா மலைச்சாரலில் பிறந்து வளர்ந்தவர் ஒருவரிடம் அதே சொல்லைச் சொல்லுங்கள். அவர் கண்முன்னே நூற்றுக்கணக்கான ஏக்கர் தேயிலை விரியும். தொழிற்சாலையும் பிரட்டுக்களமும் வரிசை வரிசையாக லயங்களும், எல்லாவற்றுக்கும் மேலே குன்றின் உச்சியில் துரையின் பங்களாவும் தோன்றும். “உமக்கு எந்தத் தோட்டம்?” என்று கேட்டால் அவர் தம் ஊரின் பெயரையே சொல்லுவார்.

அரண்மனை ஒன்றையும் அதன் பூஞ்சோலையையும் பற்றி எழுதப் புகுந்தவன் சொல்லாராய்ச்சியில் ஏன் இறங்கினான் என்று வாசகர் எண்ணக்கூடும். நான் எழுத எடுத்துக்கொண்ட மாளிகை ஊவாவிலே தேயிலைத் தோட்டங்களின் நடுவே நிற்கிறது. அங்கே இவ்விரு பொருள்களும், அதாவது மலர் பூக்கும் தோட்டமும் மனிதர் உழைக்கும் தோட்டமும், ஒரே வேலிக்கு அப்புறமும் இப்புறமுமாக அமைந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட முடியவில்லை.

அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே இரண்டு மைல் அளவில் மலைமுகட்டுப் பாதையிலே நடந்தால், மரச்செறிவுக்கிடையே கருங்கல்லாற் கட்டப்பட்ட மாளிகை ஒன்று தென்படும். அடிஷம் என்பது அதன் பெயர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ள அப்புத்தளையிலே, காலையில் தெற்குச் சமவெளி முழுவதும் வெயிலில் மினுங்கும்; பிற்பகலில் மஞ்சு ஏறி வந்து எதிரே நிற்பவரையும் மறைத்துவிடும். அந்த மஞ்சினூடே அடிஷத்தின் கல் முகப்பையும் புகைபோக்கிகளையும் காண்பவர், தாம் நிற்பது இலங்கையா இங்கிலாந்தா என்று ஒரு கணம் மயங்குவர். அம்மயக்கத்தை உண்டாக்கவே அது கட்டப்பட்டது.

காவற்சோலை

அரசர்க்குச் சோலை அமைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சங்ககாலத்துப் பாண்டியன் ஒருவனுக்கு ‘இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்’ என்று பெயர். வென்ற போர்க்களத்தால் அன்றி, உயிர் நீத்த சோலை மாளிகையால் அறியப்பட்ட மன்னன் அவன். இலவந்திகை என்பது யாது? நீர்நிலையைச் சூழ்ந்து அமைந்த சோலை. அரசனும் அவன் உரிமை மகளிரும் மட்டும் ஆடுதற்குரிய காவற்சோலை என்று பழைய உரைகாரர் விளக்குவர். இவ்விளக்கத்தில் அரசச் சோலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீர் அங்கே சொன்னபடி கேட்கவேண்டும். பிறர் அங்கே நுழையக் கூடாது. முன்னது கலை, பின்னது காவல்.

ஊவாவின் எல்லையை ஒட்டிய மலைகளிலும் அத்தகைய சோலை ஒன்று கதையளவில் வாழ்கிறது. அக்கலை மலையடிவாரத்தைச் சீதை சிறையிருந்த அசோகவனம் என்று மக்கள் நம்புகின்றனர். அருகே சீதையம்மன் கோயில் இருக்கிறது. இராவணனுடைய அச்சோலையை அனுமன் அழித்ததைக் கம்பர் ‘பொழில் இறுத்த படலம்’ என்று ஒரு படலமாகவே பாடினார். அரசனை நேரே தாக்குவதற்கு முன் அவனுடைய சோலையைத் தாக்குகிறான் தூதன். அரசின் பெருமிதம் அதன் சோலையிலே குடியிருக்கிறது என்பதை அவன் அறிந்திருந்தான் போலும். இன்று அக்கலையிலுள்ள தாவரப் பூங்கா, கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காக 1861ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தொடங்கியது.

கதையை விட்டுக் கல்லுக்கு வந்தால் சிகிரியா நிற்கிறது. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் குன்றின் உச்சியில் மாளிகையும், அடிவாரத்தில் நீர்ச்சோலைகளும் பாறைச் சோலைகளும் படிச்சோலைகளும் அமைத்தான். நிலத்தடியிலே வாய்க்கால் ஓடும். துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளின் வழியே நீர் பீறிட்டு எழும். பொறி ஒன்றும் இல்லை. உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே போதுமானது. மாளிகையின் சுவர்கள் இடுப்பளவு கூட எஞ்சவில்லை. மாரிகாலத்தில் அந்த நீரூற்றுகளோ இன்றும் எழுகின்றன. அரசன் போனபின்னும் தோட்ட வேலைக்காரனின் கணக்குத் தவறவில்லை.

ஊவாவின் சொந்த அரச மாளிகைகளுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. மொனராகலைக்கு அண்மையில் கலபெத்தையிலே கல்லாற் கட்டிய நீராடு குளம் ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகுவை எதிர்த்து நின்ற சுகலை என்ற அரசியோடு அதனைத் தொடர்புபடுத்துவர். பதுளையோ ஊவா இளவரசரின் இருக்கையாக விளங்கிய நகர். 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையெடுத்து வந்து அந்நகரைத் தீக்கிரையாக்கினான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவிலே தோற்று மாண்டான். எஞ்சியிருந்தவற்றை 1818 பார்த்துக்கொண்டது. கண்டி அரசு வீழ்ந்து மூன்றாண்டு கழியுமுன் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், ஊர்களை எரித்தனர்; வயல்களைப் பாழாக்கினர்; பழமரங்களைத் தறித்தனர். கிளர்ச்சியின் தலைவரான கெப்பட்டிபொல அவ்வாண்டு நவம்பரிலே தலை துணிக்கப்பட்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமை காட்டும் பத்திரம் இல்லாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அது விதித்தது. தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த மேட்டு நிலத்துக்குச் சிங்களக் குடியானவன் எங்கிருந்து பத்திரம் காட்டுவான்? முடிக்குரியதாகிய நிலம் விலைக்கு வந்தது. முதலில் கோப்பி பயிரிட்டனர்; 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அரசன் இல்லாத நாட்டிலே துரை என்ற புதிய அரசன் தோன்றினான்.

பத்துப் பவுணும் ஒரு மாளிகையும்

கோப்பிக்கு நோய் கண்ட அதே 1869ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தவர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். தாய்வழிப் பாட்டனார் இரண்டு முறை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. தந்தையார் கென்ற் மாநிலத்தில் அடிஷம் என்ற சிற்றூரின் குரு. வமிசம் பெரியது; கைப்பொருள் அவ்வளவு பெரியதன்று. 1887ஆம் ஆண்டில் பதினெட்டு வயதும் நிரம்பாத இளைஞராகத் தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்தபோது அவர் கையில் பத்துப் பவுண் இருந்தது என்று கூறுவர். படிப்படியாக உயர்ந்து, இந்நாட்டின் மிகப் பழைய வணிகத் தாபனங்களுள் ஒன்றாகிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனிக்குத் தலைவரானார். ‘சேர்’ பட்டமும் பெற்றார். வணிகத் தாபனங்களின் பழங்கதைகளைத் தொகுத்து 1940இல் நூலொன்றும் வெளியிட்டார்.

அவர் தம் முதுமைக் காலத்துக்கெனத் தேர்ந்த இடம் அப்புத்தளை. புகையிரதம் 1893ஆம் ஆண்டில் அவ்வூரை எட்டியிருந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கும், மேலும் முப்பது ஆண்டு கழித்து 1924இல் பதுளைக்கும் சென்றது. தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்ன முதலிய தோட்டங்கள் அருகிலேயே இருந்தன. 1931ஆம் ஆண்டில் மாளிகை எழுந்து முடிந்தது. தந்தையின் ஊர்ப் பெயரையே மகன் அதற்கு இட்டார். மாதிரியாகக் கொண்டதோ அதே கென்ற் மாநிலத்திலுள்ள லீட்ஸ் கோட்டை என்பர்.

லீட்ஸ் கோட்டையின் கதை சற்றே அறியத்தக்கது. லென் என்ற சிற்றாற்றின் நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரியின் நடுவே, தீவுகளின்மேல் நிற்கும் அது, 12ஆம் நூற்றாண்டிலே தொடங்கிய கோட்டை. 1278ஆம் ஆண்டில் முதலாம் எட்வேர்ட் மன்னனின் தேவி எலெனோர் கைக்கு வந்தது. அதன்பின் தேவியர் பலர்க்குச் சீதனமாகவும் சீவனமாகவும் வழங்கப்பட்டமையால் அரசியரின் கோட்டை எனப் பெயர் பெற்றது. எட்டாம் ஹென்றி தன் முதல் தேவி கதரினுக்காக அதனை அரண்மனையாக்கினான். நம் இலவந்திகையைப் போலவே அங்கும் நீர் சூழ்ந்திருக்கிறது. அங்கும் அந்நீர் அழகாகவும் காவலாகவும் ஒருங்கே பணிபுரிந்தது.

அப்புத்தளை முகட்டில் ஏரி இல்லை. அதற்கு ஈடாகத் தங்கமலைக் காடு ஒரு புறம். ஆழ்ந்த பள்ளத்தாக்கு மறுபுறம். பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்து கதவும் தளமும் ஆயிற்று. புற்றரை விரித்து, ரோஜாப் பாத்திகள் வகுத்து, பழமரங்கள் நட்டு, இங்கிலாந்தின் கோடைகால மலர்களெல்லாம் ஆண்டு முழுதும் பூக்கும் ஒரு சோலையை அமைத்தனர். குளிரும் மழையும் அளவோடு கிடைக்கும் ஊவாவின் வானிலை, அந்நிய மலர்களுக்குத் தாயினும் பரிவு காட்டியது.

கடல் கடந்து வாழ்பவன் தன் தந்தையின் ஊரை நினைத்து வீட்டுக்குப் பெயரிடுவதிலே குறை காண எனக்கு மனமில்லை. மனித இயல்பு அது. ஆனால் அந்த மாளிகையைச் சுற்றியிருந்த மலைகளிலே அதேபோலக் கடல் கடந்து வந்த பல்லாயிரவர் வாழ்ந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து, கங்காணியின் பின்னே மன்னார்க் காட்டுவழியாகக் கால்நடையாய் வந்தவர்களும் அவர்தம் மக்களும் அவர்கள். அவர்களுக்கும் தந்தையின் ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊர்ப் பெயரை எழுதி மாட்ட அவர்களுக்குக் கதவு இருந்ததா? ‘லயம்’ என்ற வரிசைக் குடியிருப்பிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி ‘காம்பரா’ ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் இல்லை, இலக்கம் இருந்தது.

செதுக்கிய மலை

வெளிநாட்டிலிருந்து வரும் உல்லாசப் பயணிகள் புகையிரதத்தின் படியிலே நின்று இதல்கசின்னைக்கும் அப்புத்தளைக்கும் இடையே படம் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் படம் பிடிப்பது அடிஷத்தை அன்று, தேயிலை மலைகளை. “எவ்வளவு பெரிய பூங்கா!” என்று வியந்த ஒருவரும் உண்டு. அவர் கூற்றிலே தவறில்லை. தேயிலை இயல்பாக வளரவிட்டால் முப்பதடிக்கு மேல் ஓங்கும் மரம். அதனை இடுப்பளவுக்கு அடக்கி, மலை முழுதும் ஒரே பச்சைக் கம்பளமாகத் தோன்றச் செய்வது மனிதனின் கத்தி. சில ஆண்டுக்கொரு முறை அடியோடு ஒட்ட வெட்டும் வேலைக்குக் ‘கவ்வாத்து’ என்று பெயர். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி மலையின் வளைவுக்கு ஏற்பக் குறுக்கே வெட்டும் வடிகாலுக்குக் ‘கான்’ என்று பெயர். சரிவிலே கல்லடுக்கி மண்ணை நிறுத்துவது இன்னொரு வேலை. சிகிரியாச் சோலையை அமைத்தவன் அறிந்திருந்த இரகசியங்கள் இவையே: சரிவை அளத்தல், நீரைக் கட்டளைக்கு உட்படுத்தல், மண்ணை நிறுத்தல், கிளையைக் கழித்தல். காசியப்பனின் சோலை குன்றின் அடிவாரத்தோடு நின்றது. நம்மவர் செதுக்கிய சோலையோ மலைத்தொடர் முழுவதும் பரந்தது.

ஆங்கிலத் துரைமார் இதற்கு ‘எஸ்டேட்’ என்று பெயரிட்டனர். உடைமை என்பது அதன் பொருள். வேலை செய்ய வந்தவர்கள் ‘தோட்டம்’ என்றனர். உடையவன் தன் சொத்தைச் சொன்னான். உழைத்தவன் தான் வளர்த்ததைச் சொன்னான். இந்த வேறுபாட்டை முதலில் உணர்த்தியவர்கள் கவிஞர்களே. பிஜித் தீவிலே துன்புற்ற நம் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடிய பாட்டுக்குக் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பெயர். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையின் பெயரிலும் எஸ்டேட் இல்லை, தோட்டமே இருக்கிறது. சக்தீ அ. பாலையா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். இனிய சொல்லொன்று இவ்விரு கவிஞர் கையிலும் கண்ணீரின் பெயராயிற்று.

தோட்டத்துக்குள்ளே பூந்தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு துரையின் பங்களாவுக்கும் முன்னே புற்றரையும் மலர்ப் பாத்தியும் உண்டு. அவற்றைப் பேணுவதற்கென்றே செக்ரோலிலே பெயர் பதிந்த ஆட்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரோடு ஊவாத் தோட்டமொன்றிலே உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. டேலியா, கார்னேஷன், ஜெரேனியம், ஹைட்ராஞ்சியா என்று மலர்ப் பெயர்களை அவர் தம் பேரப்பிள்ளைகளின் பெயர்களைப்போல அடுக்கினார். எந்த ரோஜாவை எந்த மாதத்தில் எத்தனை கண் விட்டு வெட்டவேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார். ரோஜாவை வெட்டுவதையும் கவ்வாத்து என்றே குறிப்பிட்டார்.

“பதினாலு வயசில பூந்தோட்ட வேலைக்குப் போனேன் ஐயா. ஏழு துரைமாரைப் பார்த்துட்டேன். வெள்ளைக்காரத் துரை போய் நம்ம நாட்டுத் துரை வந்தாரு. அவரும் போனாரு. ரோசாச் செடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துச்சு. நானும் இருந்தேன்.”

“உங்கள் வீட்டிலும் ரோஜா வைத்திருப்பீர்களே?” என்று கேட்டேன்.

“லயத்தில மண் ஏது ஐயா? இஸ்தோப்பை விட்டு இறங்கினா கான். தகரத்தில வச்சிருக்கோம்” என்றார்.

தகரத்தில் வளர்ந்த செடி

ஊவாத் தோட்டப் பகுதியை அறிந்தவர்க்கு அந்தத் தகரங்கள் பழக்கமானவை. பால்மாத் தகரம், எண்ணெய்த் தகரம், உடைந்த வாளி ஆகியவற்றிலே துளசியும் செவ்வந்தியும், இரண்டொரு ரோஜாவும் வளரும். பங்களாவில் கழித்தெறிந்த கிளையே பெரும்பாலும் அந்த ரோஜாவின் தாய். தகரத்தில் வளர்ப்பதற்கு இடமின்மை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. தகரத்துச் செடியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

போகவேண்டி வரும் என்ற அச்சம் வெறும் அச்சமன்று. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. வாக்குரிமையும் அதனோடு போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று தலை எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்கள் தம் பின்னே விட்டுச் சென்றவை எத்தனை! நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒரு மாமரம் நட்டு, காய்த்து, மூத்து, பேரன் ஊஞ்சல் கட்டும் காலம் அது. நாளை இருப்போமா என்று அறியாதவன் மாங்கொட்டை புதைப்பானா? செவ்வந்தி வைப்பான், மூன்று மாதத்தில் பூத்துவிடும். தோட்டம் போடுவது அழகுணர்ச்சியால் மட்டும் ஆவதன்று. ‘இங்கே இருப்பேன்’ என்ற உறுதி அதற்கு வேண்டும். சிகிரியாவின் அரசனுக்கும் அப்புத்தளையின் துரைக்கும் அந்த உறுதி இருந்தது. அவர்கள் இருவருக்கும் நெடுநாள் வாழ்வு அங்கே வாய்க்கவில்லை என்பது வேறு கதை. உண்மையில் நிலைத்திருந்தவனுக்கு, ஐந்து தலைமுறை ஒரே மலையிலே பிறந்து ஒரே மலையிலே புதைந்தவனுக்கு, அந்த உறுதியைச் சட்டம் மறுத்தது.

அப்பகுதியில் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். பாடநூலில் ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்றொரு கட்டுரைப் பயிற்சி இருந்தது. நூலை எழுதியவர் நகரத்தவர் போலும். வகுப்பிலே பலர் மல்லிகைப் பந்தரும் தென்னங்கன்றும் கற்பனை செய்து எழுதினர். ஒரு சிறுவன் மட்டும் இரண்டே வாக்கியங்கள் எழுதி நிறுத்திவிட்டான்: ‘எங்கள் வீடு தோட்டத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை.’

இலக்கணப் பிழை இல்லை. பொருட் பிழையும் இல்லை. முழுப் புள்ளி கொடுத்தேன்.

திறந்த கதவுகள்

அடிஷத்தின் பிற்கதை நல்ல கதை. வில்லியர்ஸ் இலங்கையை விட்டுத் தாயகம் திரும்பி, 1959ஆம் ஆண்டில் மறைந்தார். மாளிகை வேறு கைக்கு மாறி, 1961 முதல் கத்தோலிக்கத் துறவியராகிய ஆசீர்வாதப்பர் சபையாரின் மடமாயிற்று. பாதையோரத்திலே அதன் பெயர்ப் பலகை புனித ஆசீர்வாதப்பர் மடம் என்கிறது. வார இறுதியிலும் போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலும் வாயிற் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. வரவேற்பறையையும் நூலகத்தையும் காணலாம்; சோலையிலே உலாவலாம். துறவியர் பழப்பாகும் பழரசமும் செய்து விற்கின்றனர். அவற்றை வாங்காமல் திரும்புவோர் அரியர். தோட்டத்துப் பிள்ளைகள் புற்றரையிலே ஓடுகின்றனர். அவர்களுடைய பாட்டனார் அந்த வேலியைக் கடந்திருந்தால் வேலைக்காரராகவே கடந்திருப்பார்.

மூலமாகிய லீட்ஸ் கோட்டையும் அவ்வாறே ஆயிற்று. 1926இல் அதனை வாங்கிப் புதுக்கிய பெய்லி சீமாட்டி 1974ஆம் ஆண்டில் மறைய, அவர் ஏற்பாட்டின்படி கோட்டை அறக்கட்டளையைச் சேர்ந்தது. 1976 முதல் பொதுமக்கள் உலாவும் இடமாயிற்று. இரண்டு காவற்சோலைகளும் ஒரே நூற்றாண்டிலே கதவு திறந்துவிட்டன.

தேயிலைத் தோட்டத்தின் கதவோ அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. துரைமார் மாறினர், லயம் மாறவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், அப்புத்தளை மலைத்தொடரின் கீழே கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிலே புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து போங்கள் என்றார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லாதவனுக்கு எச்சரிக்கை என்ன செய்யும்? மலைச்சரிவில் மண்ணை நிறுத்தும் வித்தையை ஒன்றரை நூற்றாண்டாகப் பயின்ற மக்களின் தலைமேலேயே மண் இறங்கியது. நிறுத்தும் வித்தை அவர்களிடம் இருந்தது. நிலம் அவர்களிடம் இல்லை.

அதன்பின் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கித் தனி வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் உதவியோடு எழுந்த வீடுகள் ஒவ்வொன்றும் 550 சதுர அடி. கணக்கிலே விருப்பமுள்ள மாணவர் இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல். ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடி. ஒரு குடும்பம் தன் காலுக்குக் கீழுள்ள மண் தன்னுடையது என்று எண்ணி விதை ஊன்றுவதற்கு அது போதும்.

மக்கள் வந்த இருநூறாம் ஆண்டு என்று 2023இல் நினைவு கொண்டாடினோம். ஆயினும் இன்றுவரை பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேதான் வாழ்கின்றன. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேர் ஈந்தவன் பாரி என்று வகுப்பறையிலே ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அக்கதையைக் கேட்கும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் மாலையில் இலக்கமிட்ட காம்பராவுக்குத் திரும்புகின்றனர் என்பதையும் ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது. கொடிக்கு இடம் கொடுத்ததைப் புகழ்ந்த மரபு, குடிக்கு இடம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

அண்மையில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே அப்படிக் காணி கிடைத்த குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். வீட்டின் முன்னே போஞ்சிக் கொடி கம்பில் ஏறியிருந்தது. பக்கத்தில் லீக்ஸ் பாத்தி, கறிவேப்பிலைக் கன்று, முழங்கால் உயரம் வளர்ந்த கொய்யா ஒன்று. தகரங்கள் சுவரோரமாக வெறுமையாய்க் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் இருந்த ரோஜாக்கள் மண்ணிலே இறங்கிவிட்டன. வாசலில் கல்லடுக்கி மண்ணை நிறுத்தியிருந்த நேர்த்தியைக் கண்டதும், அதைச் செய்தது தேயிலை மலையிலே பழகிய கை என்பது புரிந்தது.

வீட்டு முதியவள் கையிலே வாளியோடு எழுந்தாள். “ஒக்காருங்க ஐயா, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்” என்றாள். எந்தத் தோட்டத்துக்கு என்று ஒரு கணம் விளங்காமல் அவளைப் பார்த்தேன். அவள் போஞ்சிப் பாத்தியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.